கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (இசை விமர்சகர்)

கல்கி என்ற புனைபெயரால் பரவலாக அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (செப்டம்பர் 9, 1899 - டிசம்பர் 5, 1954) தமிழ் எழுத்தாளர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு ஆகிய வரலாற்றுப் புதினங்களின் ஆசிரியராகவே இவர் இன்று பெரிதும் நினைக்கப்படுகிறார். ஆயினும் அப்புதினங்கள் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கருநாடக இசைக் கச்சேரிகளையும் நாட்டிய, நாடக, திரைப்பட நிகழ்ச்சிகளையும் விமர்சித்து எழுதியவராக இவர் தமிழகமெங்கும் பெயர் பெற்றிருந்தார். ஆனந்த விகடன் இதழில் "கர்நாடகம்" என்ற புனைபெயரில் இவர் எழுதிய "ஆடல் பாடல்" பகுதி, தமிழில் இசை விமர்சனம் என்னும் துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 1940களில் தமிழிசை இயக்கத்தின் முன்னணி எழுத்தாளராகவும் இவர் விளங்கினார். இக்கட்டுரை அவரது வாழ்க்கையை இசையோடு அவருக்கிருந்த தொடர்பை முதன்மையாகக் கொண்டு விவரிக்கிறது.

இளமைக் காலம்

கிருஷ்ணமூர்த்தி மாயவரத்தை (இன்றைய மயிலாடுதுறை) அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் இராமசாமி ஐயர், தையல்நாயகி ஆகியோரின் மகனாகப் பிறந்தார். காவிரிக் கழிமுகப் பகுதியான அவ்வட்டாரம் கோயில் நாகசுவரத்திற்கும் கதாகாலட்சேபத்திற்கும் பெயர் பெற்றது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்ததும், மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்து கீர்த்தனைகள் இயற்றியதும் இப்பகுதியிலேயே. கிருஷ்ணமூர்த்தி முறைப்படி பாட்டுப் பயின்று மேடையேறியவர் அல்லர். கேட்டுக் கேட்டுச் சுவையறிந்தவர். இவரது விமர்சனங்களின் பலத்திற்கும் பலவீனத்திற்கும் இதுவே அடிப்படை எனலாம்.

மாயவரத்திலும் பின்னர் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியிலும் பயின்ற இவர், 1921 ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, பள்ளி இறுதித் தேர்வை நெருங்கிய நிலையில் படிப்பைத் துறந்தார். 1922 இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1923 இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். 1928 இல் அங்கிருந்து விலகி, திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்திற்காக நடத்தப்பெற்ற விமோசனம் இதழில் பணியாற்றினார். 1930 இல் மீண்டும் சிறை சென்றார்.

ஆனந்த விகடனும் "கர்நாடகம்" என்ற பெயரும்

1926 இல் தொடங்கப்பெற்ற ஆனந்த விகடன் இதழை 1928 இல் எஸ். எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். கிருஷ்ணமூர்த்தி அவ்வாண்டிலேயே அவ்விதழில் நகைச்சுவைக் கட்டுரை எழுதத் தொடங்கினார். 1931 இல் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அடுத்த பத்தாண்டுகள் விகடனின் பொற்காலம் எனப்படுகின்றன. ஒரே இதழின் பல பக்கங்களைப் பல பெயர்களில் இவரே எழுத வேண்டியிருந்தது. கல்கி, தமிழ்த்தேனீ, அகஸ்தியர், லாங்கூலன், விவசாயி எனப் பல புனைபெயர்கள் அவ்வாறு தோன்றியவையே.

இவற்றுள் கலை விமர்சனத்திற்கென அவர் வைத்துக்கொண்ட பெயர் "கர்நாடகம்". இப்பெயரில் இரு பொருள் உண்டு. கருநாடக சங்கீதத்தைக் குறிப்பது ஒன்று. அக்காலப் பேச்சு வழக்கில் பழைய போக்கை விடாத ஆசாமியைக் கர்நாடகம் என்று கேலியாகச் சொல்வதுண்டு; அது மற்றொன்று. விமர்சகர் முதலில் தம்மையே கேலி செய்துகொண்டு உள்ளே நுழைகிறார் என்பதால், பிறரைக் கேலி செய்யும் உரிமையும் அவருக்கு எளிதாகக் கிடைத்துவிட்டது.

அக்காலக் கச்சேரி மேடை

இவர் எழுதத் தொடங்கிய நேரம் கருநாடக இசை பெரும் மாற்றத்துக்கு உள்ளாகியிருந்த காலம். அரசவைகளும் ஜமீன்களும் தந்துவந்த ஆதரவு குறைந்து, சென்னை நகரின் சபாக்களும் நுழைவுச் சீட்டு வாங்கிவரும் நடுத்தர வகுப்பினரும் புரவலர் இடத்தைப் பிடித்தனர். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக, 1928 ஆகத்து 18 அன்று சென்னை மியூசிக் அகாதமி தொடங்கி வைக்கப்பட்டது. டிசம்பர் இசை விழா அதன் பின்னரே மரபாக வேரூன்றியது. 1930களில் ஒலிபெருக்கி மேடைக்கு வந்தது. பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரை குரலை எறிந்து பாடவேண்டிய கட்டாயம் நீங்கியது.

அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890-1967), வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், விரிவான இராக ஆலாபனை, பல்லவி, இறுதியில் சிறு உருப்படிகள் என்னும் கச்சேரி முறையை நிலைப்படுத்தியிருந்தார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934) பல தாளக் கருவிகள் சூழ லயக் கணக்குகளில் விளையாடுவதில் நிகரற்றவராக இருந்தார். வீணை தனம்மாள் (1867-1938) முதுமையில் வாசித்துக்கொண்டிருந்தார். மகாராசபுரம் விசுவநாத ஐயர், செம்பை வைத்தியநாத பாகவதர், முசிறி சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் புகழின் உச்சியில் நின்றனர். செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் இளம் வித்துவான்களாக மேலெழுந்தனர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி, நாகசுவரத்தைக் கோயில் வீதியிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. விமர்சகர் ஒருவருக்கு இதைவிடச் செழிப்பான பருவம் வாய்த்திருக்க இயலாது.

சீட்டு வாங்கி வந்தவர்களுள் பலருக்கு இராக இலக்கணம் தெரியாது; தெரியவில்லையே என்ற கூச்சமோ நிறைய உண்டு. இவர்களுக்கு வழிகாட்ட அதுவரை தமிழில் எழுத்து இருக்கவில்லை. ஆங்கில நாளேடுகளில் வந்த கச்சேரிக் குறிப்புகள் ஆங்கிலம் படித்தவர்களுக்கு மட்டுமே உரியவை. கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் (1897-1968) சமகால இசைக் கலைஞர்களைப் பற்றி 1933 இல் வெளியிட்ட நூலும் ஆங்கிலத்தில் அமைந்ததே. சிற்றூர்களிலும் படிக்கப்பட்ட வார இதழில், கதை படிக்கும் வாசகருக்கே கச்சேரியைப் பற்றி எழுதத் துணிந்தது கிருஷ்ணமூர்த்தியின் புதுமை.

விமர்சன முறை

இவரது விமர்சனம் பெரும்பாலும் ஒரு கதை போலவே நடக்கும். சபாவிற்குச் சென்ற வழி, மண்டபத்தின் நிலை, அருகில் அமர்ந்தவர்கள், பாடகரின் முகபாவம், பக்கவாத்தியக்காரர்களின் போட்டி எனத் தொடங்கி, எதிர்பாராத ஓரிடத்தில் பாட்டைப் பற்றிய தீர்ப்பு வந்து விழும். இராகங்களின் பெயர்களை இவர் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அவற்றின் ஆரோகண அவரோகணங்களை அடுக்கி வாசகரை அச்சுறுத்துவதும் இல்லை. கேட்டவர் மனத்தில் பாட்டு என்ன செய்தது என்பதே இவரது அளவுகோல்.

அந்த அளவுகோலினால் சில விருப்பு வெறுப்புகள் தெளிவாகப் புலப்பட்டன. இராக பாவம், குரலினிமை, சொல் சிதையாத உச்சரிப்பு ஆகியவற்றை இவர் உயர்த்திப் பேசினார். நீண்ட சுரக் கணக்குகள், முகத்தைக் கோணி அங்கங்களை ஆட்டிப் பாடுதல், பொருள் தெரியாமல் தெலுங்குச் சொற்களைக் கண்ட இடத்தில் உடைத்தல் ஆகியவை இவரது நகைச்சுவைக்கு இலக்காயின. வித்துவானின் பெயருக்காகப் பாராட்டுவது என்ற வழக்கம் இவரிடம் கிடையாது. விகடனின் விற்பனை பெருகப் பெருக, இவர் ஒரு வாரம் எழுதும் பத்தியால் ஒரு கலைஞரின் மதிப்பு ஏறவும் இறங்கவும் கூடும் என்ற நிலை உருவாயிற்று. கலைஞர்களுக்கு இது புதிய அனுபவம். முன்பெல்லாம் தீர்ப்புச் சொன்னவர்கள் சக வித்துவான்களும் சில பெரிய இரசிகர்களுமே; இப்போது பாடத் தெரியாத ஒருவர் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நாளில் தீர்ப்பை அனுப்பினார்.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. லய நுட்பத்தில் சிறந்த பரம்பரைகளுக்கு இவரது பத்தியில் முழு நியாயம் கிடைத்தது என்று சொல்வது கடினம். புரியாததைக் கேலி செய்தல் எளிது. கணக்கு வழக்குகளின் அழகைப் பாமரருக்கு விளக்குதல் கடினம். இவர் பல சமயங்களில் எளிய வழியையே தெரிந்துகொண்டார்.

இசைத்தட்டும் திரைப்படமும்

மேடைக் கச்சேரிக்கு இணையாக மற்றொரு இசையுலகமும் அந்நாளில் வளர்ந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகளின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே ஒலிப்பதிவு செய்ய முடியும். அரை மணி நேரம் விரிய வேண்டிய கீர்த்தனையை அதற்குள் சுருக்கினார்கள். ஆலாபனை ஓரிரு பிடிகளாகக் குறைந்தது. அந்தச் சிறு அளவுக்கு இயல்பாகவே பொருந்தியவை நாடக மேடையின் தமிழ்ப் பாட்டுகள். எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933), கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் தட்டுகள் சபா வாசலையே மிதித்திராத ஊர்களிலும் ஒலித்தன. மதுரைச் சண்முகவடிவின் மகள் எம். எஸ். சுப்புலட்சுமி தம் பத்து வயதளவிலேயே இசைத்தட்டில் பாடிவிட்டார். 1938 இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. தமிழில் பாடினால் மக்கள் கேட்கமாட்டார்கள் என்ற வாதம் எழுந்தபோது, இசைத்தட்டுக் கடைகள் அதற்கு நேர் எதிரான சான்றைத் தந்துகொண்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

1931 இல் தமிழ் பேசும்படம் வந்த பின், படங்களும் "கர்நாடகத்தின்" பார்வைக்குத் தப்பவில்லை. தொடக்க காலத் தமிழ்ப் படங்கள் பாட்டுகளின் தொகுப்பாகவே இருந்தமையால், பட விமர்சனம் என்பது பாதி இசை விமர்சனமே. 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக கே. பி. சுந்தராம்பாளும் வேதியராக மகாராசபுரம் விசுவநாத ஐயரும் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டதென்பது அந்நாளில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அப்படத்தில் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருந்ததாக இவர் எழுதிய விமர்சனம் இன்றும் திரைப்பட வரலாற்று நூல்களில் நினைவுகூரப்படுகிறது. சுந்தராம்பாளின் பாட்டுக்கும் விசுவநாத ஐயரின் வித்துவத்துக்கும் தமிழகமே தலைவணங்கிய நேரத்தில் எழுதப்பட்டது அது. நல்ல பாடகர் நல்ல நடிகராகிவிட மாட்டார் என்ற எளிய உண்மையைச் சொல்ல அப்போது யாரும் துணியவில்லை.

நாட்டியக் கலை

பத்தியின் தலைப்பில் பாடலுக்கு முன் ஆடல் இடம்பெற்றிருப்பது தற்செயலானது அன்று. 1930களின் தொடக்கத்தில் சதிர் ஆட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது சென்னையில் கொந்தளிப்பான கேள்வி. தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும், கலையைக் காக்கவேண்டும் என்று வாதிட்ட ஈ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே 1932 இல் நாளேடுகளில் நீண்ட விவாதம் நடந்தது. மியூசிக் அகாதமி 1931 இலும் 1933 இலும் சதிர்க் கச்சேரிகளை நடத்தியது. வீணை தனம்மாளின் பெயர்த்தியான பாலசரசுவதி 1933 இல் அங்கு ஆடினார். 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் மேடையேறினார். இச்சூழலில் நாட்டியத்தைக் கலையாகவே கண்டு, பாலசரசுவதி போன்றோரின் அபிநயத்தைச் சுவைத்து எழுதியவர்களுள் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். காந்தியவாதியான, மதுவிலக்குப் பிரசாரகரான ஒருவரிடம் அந்நாளில் பலர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழிசை இயக்கம்

1929 இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிறுவனர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார், 1941 ஆகத்தில் அங்கு தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெருமளவில் பாடப்பெற வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அதுவரை தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் கச்சேரியின் இறுதியில், கூட்டம் கலையும் நேரத்துத் துக்கடாக்களாகவே ஒலித்தன. கச்சேரியின் நடுப்பகுதி தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாத்திரிகள் ஆகியோரின் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளுக்கு உரியதாக இருந்தது. இசைக்கு மொழி முக்கியமன்று, இசைத் தரமே முக்கியம் என்று மியூசிக் அகாதமி தன் நிலையை அறிவித்தது. சென்னையின் இசையுலகம் இரண்டாகப் பிளந்தது.

இராஜாஜி, இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோருடன் கிருஷ்ணமூர்த்தியும் தமிழிசைப் பக்கம் நின்றார். மற்றவர்கள் மேடையில் பேசினார்கள். வாரந்தோறும் எழுதி வாதத்தை வீடுகளுக்குக் கொண்டு சென்றவர் இவரே. தெலுங்குக் கீர்த்தனைகளைத் துரத்தவேண்டும் என்று இவர் வாதிட்டதில்லை. தியாகராசர் வாழ்ந்ததும் பாடியதும் திருவையாற்றிலே என்பதை இவர் மறக்கவில்லை. கேட்பவரின் மொழியில் பாட்டின் பொருள் விளங்கும்போது இராக பாவமும் கூடுகிறது என்பது இவரது முதன்மை வாதம். கச்சேரிக்குப் போதுமான தமிழ் உருப்படிகள் இல்லை என்ற மறுப்புக்கு, தேவாரம், திவ்வியப் பிரபந்தம், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் என்ற நீண்ட வரிசை விடையாக இருந்தது. தமிழில் பாடினால் தரம் குறைந்துவிடும் என்ற கூற்றை இவர் திரும்பத் திரும்ப எதிர்கொண்டார். இத்துறையில் இவர் எழுதிய கட்டுரைகள் "சங்கீத யோகம்" என்ற நூலில் இடம்பெற்றுள்ளன.

எதிர்த்தரப்பின் அச்சத்திலும் ஓரளவு நியாயம் இருந்தது. பல தமிழ்ப் பாடல்களுக்குப் பழைய மெட்டுகள் மறைந்துபோயிருந்தன. தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடிச் சங்கதிகள் ஏறிய தியாகராசர் கீர்த்தனைகளின் செழுமையைப் புதிதாக மெட்டமைத்த பாட்டு உடனே எட்டிவிட முடியாது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் இராம நாடகப் பாடல்களுக்கும் திருப்பாவைக்கும் மெட்டமைத்துப் பாடிப் பரப்பியது இத்தகைய குறையைத் தீர்த்த செயலாகும். விமர்சகர்களின் வாதத்தைவிட இத்தகைய வித்துவான்களின் உழைப்பே தமிழ்ப் பாடல்களைக் கச்சேரியின் நடுவே கொண்டுவந்து அமர்த்தியது எனலாம். எம். எம். தண்டபாணி தேசிகர், டி. கே. பட்டம்மாள், எம். எஸ். சுப்புலட்சுமி ஆகியோரின் பங்கும் பெரிது. 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

கல்கி இதழும் எம். எஸ். சுப்புலட்சுமியும்

1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்ற கிருஷ்ணமூர்த்தி, விகடனை விட்டு விலகினார். விகடனின் விளம்பரப் பிரிவில் பணியாற்றியவரும் விடுதலைப் போராட்ட நண்பருமான டி. சதாசிவத்துடன் இணைந்து 1941 ஆகத்து 1 அன்று கல்கி இதழைத் தொடங்கினார். சதாசிவம் முந்தைய ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமியை மணந்திருந்தார். சாவித்திரி (1941) படத்தில் நாரதராக நடித்து சுப்புலட்சுமி பெற்ற ஊதியமே புதிய இதழின் முதலாயிற்று.

ஒரு பாடகியின் வருவாயில் தொடங்கிய இதழில் இசை விமர்சனம் எழுதுவது எளிய காரியமன்று. சுப்புலட்சுமியின் இசையைப் பற்றிக் கல்கி எழுதிய பாராட்டுகளைப் படிப்பவர் இத்தொடர்பை மனத்தில் கொண்டே படிக்க வேண்டியுள்ளது. அப்பாராட்டு தவறானது என்று பின்வந்த காலம் சொல்லவில்லை: 1968 இல் சங்கீத கலாநிதி விருதையும் 1998 இல் பாரத ரத்னாவையும் பெற்றவர் அவர். கேள்வி வேறு. அதே தகுதியுடைய மற்றொரு பாடகிக்குப் பின்னால் ஓர் இதழ் இருக்கவில்லை. அவரது கச்சேரிக்குச் சென்று அவ்வளவு நயத்தோடு எழுத ஒரு கல்கியும் இருக்கவில்லை. முன்பு எந்த வித்துவானுக்கும் கடன்படாதவராக எழுதிய "கர்நாடகத்தின்" சுதந்திரம் 1941 க்குப் பின் முழுமையாக இருந்தது என்று கூற முடியாது.

மறுபுறம் இதே தொடர்பு கிருஷ்ணமூர்த்தியைப் பாடலாசிரியராகவும் ஆக்கியது. எல்லிசு ஆர். டங்கன் இயக்கிய மீரா (1945) படத்தில் சுப்புலட்சுமி பாடிய "காற்றினிலே வரும் கீதம்" இவர் இயற்றியது, இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன். "மாலைப் பொழுதினிலே", "வண்டாடும் சோலைதனிலே" ஆகிய பாடல்களும் இவருடையவையே. இவை இசைத்தட்டுகளாக வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. கேட்டவுடன் பொருள் விளங்கும் தமிழ்ச் சொற்கள், அவற்றுக்கு இடையூறு செய்யாத மெட்டு என்று விமர்சகராக இவர் கேட்டுவந்ததை, இங்கே தாமே எழுதித் தந்தார்.

நெல்லைச் சீமைத் தொடர்பு

தஞ்சை மண்ணின் மைந்தரான இவரது சுவையுணர்வை வடிவமைத்ததில் திருநெல்வேலிச் சீமைக்கும் பங்குண்டு. இரசிகமணி டி. கே. சி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் இல்லத்தில் வட்டத்தொட்டி என்ற பெயரில் இலக்கிய அன்பர்களைக் கூட்டிக் கவிதையை உரக்கப் படித்துச் சுவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். இன்று சங்கரன்கோவில் வட்டாரத்தோடு சேர்ந்து தென்காசி மாவட்டத்தில் அடங்கும் குற்றாலம், அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்கியும் இராஜாஜியும் அங்கு அவருடைய விருந்தினராகப் பலமுறை தங்கினர். பாட்டில் சொல்லும் தாளமும் உணர்ச்சியோடு ஒன்றிப்போக வேண்டும், புலமை அதற்கு இடையூறாகக் கூடாது என்ற டி. கே. சி.யின் கொள்கையைக் கச்சேரி மேடைக்குப் பொருத்தினால் கிடைப்பது ஏறத்தாழக் கல்கியின் இசைக் கொள்கையே.

இச்சீமையோடு இவரைப் பிணைத்த மற்றொரு செயல் எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்பியதாகும். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1930களின் நடுவில், பாரதியார் சிறந்த கவி எனினும் உலக மகாகவிகளோடு ஒருங்கு வைக்கத்தக்கவரா என்று கிருஷ்ணமூர்த்தி ஐயம் எழுப்பியபோது, வ. ராமசாமி, கு. ப. ராஜகோபாலன், சிட்டி முதலியோர் கடுமையாக மறுத்தெழுதினர். கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய "கண்ணன் என் கவி" அவ்விவாதத்தின் விளைவு. அவ்வாறு ஐயம் கொண்டவரே பின்னர் எட்டயபுரம் சென்று, தம் இதழ் வழியே வாசகர்களிடம் நிதி திரட்டி, பாரதியார் பிறந்த ஊரில் நினைவு மண்டபம் அமையக் காரணமானார். 1945 சூன் 3 அன்று இராஜாஜி அடிக்கல் நாட்டினார்; 1947 அக்டோபர் 13 அன்று மண்டபம் திறக்கப்பட்டது. முத்துசுவாமி தீட்சிதர் 1835 இல் மறைந்து அடக்கமான ஊரும் எட்டயபுரமே. தமிழிசைப் பூசலின் இரு முனைகளாகக் கருதப்பட்ட இரு மரபுகளின் நினைவிடங்கள் ஒரே சிற்றூரில் அமைந்திருக்கின்றன.

புதினங்களில் இசையும் நடனமும்

சிவகாமியின் சபதம் (1944-1946) ஒரு நாட்டியப் பெண்ணின் கதை. அதில் வரும் மகேந்திரவர்மர் இசையிலும் சிற்பத்திலும் திளைக்கும் மன்னர். புதுக்கோட்டை அருகேயுள்ள குடுமியான்மலை இசைக் கல்வெட்டை மகேந்திரவர்மருடையதாகக் கருதும் வழக்கு அந்நாளில் வலுவாக இருந்தது. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் இதனை ஏற்பதில்லை. புதினத்தின் முடிவில் சிவகாமி மனிதர் எவரையும் மணக்காமல் ஏகாம்பரநாதரையே கணவராக ஏற்று ஆடுகிறாள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இல் நிறைவேறியது என்பதை நினைக்கும்போது, இம்முடிவு வெறும் பழங்கதை முடிவாகத் தோன்றுவதில்லை. நாட்டிய விவாதம் பத்தாண்டுகளுக்கு மேல் இவர் மனத்தில் தங்கியிருந்திருக்கிறது. பார்த்திபன் கனவு, பொன்னியின் செல்வன் (1950-1954), அலை ஓசை ஆகியவை குறித்துத் தனிக் கட்டுரைகளில் காண்க.

மறைவும் பின்னரும்

கல்கி 1954 டிசம்பர் 5 அன்று சென்னையில் காலமானார். அவரது நண்பர் டி. கே. சி. அதே ஆண்டு பிப்ரவரியில் மறைந்திருந்தார். அலை ஓசை புதினத்திற்கு 1956 இல் சாகித்திய அகாதமி விருது அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. சுந்தா எழுதிய "பொன்னியின் புதல்வர்" இவரது விரிவான வாழ்க்கை வரலாறாகும். நூற்றாண்டு ஆண்டான 1999 இல் இவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

இவருக்குப் பின் இசை விமர்சனத்தில் பெரும் பெயரும் பெரும் எதிர்ப்பும் ஈட்டியவர் சுப்புடு என்ற பி. வி. சுப்பிரமணியம் (1917-2007). கேலியைக் கூர்மையான கருவியாகக் கையாள்வதில் அவர் "கர்நாடகத்தின்" வழித்தோன்றலே. ஆனால் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால், பாடத் தெரியாதவர் தீர்ப்புச் சொல்கிறார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எளிதில் ஒட்டவில்லை.

கல்கி தொடங்கிய இதழின் அச்சுப் பதிப்பு 2020 இல் நின்று, பின் இணையத்தில் தொடர்ந்தது. நாட்டுடைமைக்குப் பின் புதினங்கள் பல பதிப்பகங்களால் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டு வருகின்றன. வார இதழுக்காக எழுதப்பட்ட கச்சேரி விமர்சனங்களுக்கு அந்த வாய்ப்பு அவ்வளவாகக் கிட்டவில்லை. இராசரத்தினம் பிள்ளையின் தோடியையும் முசிறியின் விருத்தங்களையும் நேரில் கேட்டவர் ஒருவர் அடுத்த வாரமே எழுதிய சொற்களைத் தேடுவோர், பழைய விகடன், கல்கி தொகுதிகளையே புரட்ட வேண்டும்.